பச்சைக் கதவை மூன்று முறை தட்டவும்

பல்செட்காரர் தன் ஐம்பத்து நான்கு வயதுக்குள் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, "அளவெடுக்கறப்ப கொஞ்சம்கூட வலிக்காது" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னது. அதைப் பொய்க் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. மிச்சமிருந்ததில் ஒன்றுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றையும் அவராக விரும்பிச் சொல்லவில்லை, ஒரு பேரவை சொல்லவைத்தது. ஆனால் சொன்ன வாய் அவருடையதாக இருந்ததால், குற்றம் நேராக வந்து அவர் தலையில் உட்கார்ந்துகொண்டது.

ஐரோப்பியப் பயண அனுபவப் பகிர்வு மற்றும் வழிகாட்டிக் குறிப்புகள் வழங்கும் பேரவை, மருந்துக்கடைக்கு மேல் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலரை மணிக்குக் கூடும். முழுப்பெயரையும் எழுதிய பலகை சன்னலை அடைத்துவிட்டதால் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆரம்பத்தில் நல்ல காரியமாகத்தான் இருந்தது. போய்வந்தவர்கள் போகப்போகிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்வார்கள். கல் பாவிய தெருவில் இழுத்தால் பெட்டிச் சக்கரம் கழன்றுவிடும். ரோமில் தெருக்குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். கழிப்பறைக்குச் சில்லறை தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், சௌகரியமாகப் போய்வந்தார்கள். இப்படி ஒழுங்காக நடக்கிற ஒன்றை அப்படியே விட்டுவைக்க யாருக்கு மனசு வரும்? உட்கார்ந்து விதிமுறை எழுதினார்கள்.

அதன்படி முன்வரிசை மெத்தை நாற்காலிகள் 'திரும்பியோ'ருக்கு, பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் 'போகவிருப்போ'ருக்கு. விமான நிலையத்தில் மட்டும் கால் வைத்த நாடு அரை நாடு. ரயில் சன்னல் வழியாகப் பார்த்த நாடு கால் நாடு. அந்த நேரத்தில் விழித்துக்கொண்டிருந்ததற்குக் கூட வந்தவரின் கையெழுத்து வேண்டும். இந்தக் கணக்கில் தலைவர் பதினாறே முக்கால் நாடு போய்வந்தவர். கடைசி கால் நாட்டைக் கடந்தபோது அவர் தூங்கிவிட்டதாக அவர் மனைவியே எழுதிக் கொடுத்துவிட்டதால் பதினேழு ஆகவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

திரும்பி வந்தவர் ஏழு குறிப்புகள் தர வேண்டும். ஆறு எப்படியிருந்தாலும் பரவாயில்லை. ஏழாவது, இதுவரை பதிவேட்டில் ஏறாததாக இருக்க வேண்டும். ஏறிவிட்டால் இறங்காது. பல்செட்காரர் ஐரோப்பா போய்வந்தபோது பதிவேட்டில் நானூற்றுப் பதினெட்டுக் குறிப்புகள் இருந்தன. உண்மையெல்லாம் முன்னால் போனவர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். பின்னால் வருகிறவன் என்ன செய்வான் என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர் போனதே மனைவிக்காக. மனைவியின் அண்ணன்தான் பேரவைச் செயலாளர். ஒன்பது நாள் பஸ் சுற்றுலாவில் இரண்டாம் நாளே, ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற மனுஷனுக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. பாரிஸில் கோபுரத்தைக் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்தார். வெனிஸில் படகில் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லாப் புகைப்படத்திலும் ஏதோ பறிகொடுத்தவர் போலவே இருப்பார். மலையடிவாரத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் பஸ் நின்றபோது, மனைவியும் மற்றவர்களும் படகு ஏறப் போனார்கள். அவர் மட்டும் ரயில் நிலையத்து பெஞ்சில், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கன்னத்தில் அழுத்தியபடி ஒரு மணி நேரம் இருந்தார். எதிரே ஒரு பச்சைக் கதவு. அதைத் திறந்துகொண்டு யாராவது வந்து வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு தம்ளர் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. அவருடைய ஐரோப்பா அவ்வளவுதான்.

"மாப்ளே, ஆறு ஆயிடுச்சு. ஏழாவது?" என்றார் செயலாளர், ஊர் திரும்பிய மாதக் கூட்டத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"அவ்வளவுதான் மச்சான். எனக்கு ஒரே பல்வலி."

"பல்வலி இருக்கு. நூத்து முப்பத்தொண்ணு. 'மாத்திரை எடுத்துச் செல்லவும்.' வேற சொல்லுங்க."

தலைவர் எழுந்தார். "இந்தப் பேரவைல ஏழாவது குறிப்பு தராம யாரும் மெத்தை நாற்காலில உட்கார்ந்ததில்ல. நான் ஒம்பது தடவ குடுத்திருக்கேன். ஒரு தடவகூட யோசிச்சதில்ல. வாயத் திறந்தா தானா வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மேல்வரிசைப் பற்கள் பல்செட்காரர் கட்டியவை. தான் கட்டிய பல்லே தன்னைப் பார்த்துச் சிரித்தது அவருக்கு என்னமோ போலிருந்தது. மனைவி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏரிக்கரைல ஒரு சின்ன ஸ்டேஷன்," என்று ஆரம்பித்தார். ஊர்ப் பெயரையும் சொன்னார். "எதிர்ல பச்சைக் கதவு. மூணு தடவ தட்டினா வயசான அம்மா ஒருத்தங்க திறப்பாங்க. சூடா குடிக்க ஏதாவது குடுப்பாங்க. சன்னலோரமா உட்கார வைப்பாங்க. ஏரி தெரியும். நம்மள எதுவும் கேக்க மாட்டாங்க."

செயலாளர் நானூற்று இருபத்தைந்து என்று எண் போட்டு எழுதினார். தலைவர், விமான நிலையத்தில் பல்செட்காரரின் பெட்டியில் கட்டிய சீட்டைக் கயிற்றில் கோத்து, 'திரும்பியோர்' என்பதற்கு அடையாளமாக அவர் கழுத்தில் மாட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள். "நான் படகுல போயிட்டு வந்த அந்த ஒரு மணி நேரத்துலயா?"

"ம்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே நீங்க."

"பல்வலில மறந்துட்டேன்."

முதல் பொய்க்குப் பட்ட கஷ்டம் இரண்டாவதற்குப் படவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. அவள் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னை விட்டுவிட்டு அவர் மட்டும் ஏரியைப் பார்த்துவிட்டார் என்ற வருத்தம். இல்லாத சன்னலுக்கு எப்படிச் சமாதானம் சொல்வது?

நாலு மாதம் கழித்து வங்கி மேலாளரும் அவர் மனைவியும் ஐரோப்பா போய்வந்தார்கள். மாட்டிக்கொண்டோம் என்று பல்செட்காரர் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். மேலாளர் எழுந்து, "பச்சைக் கதவு அம்மா நல்லா இருக்காங்க. எங்களுக்கு சூப் குடுத்தாங்க," என்றார். அவர் மனைவி, "கொஞ்சம் உப்பு கம்மி," என்றார்.

அதற்கடுத்து மருந்துக்கடைக்காரர் போனார். அந்த அம்மாளிடம் சாம்பல் நிறப் பூனை ஒன்று இருந்தது. ஒரு வக்கீல் போனார். அம்மாளின் கணவர் அந்த ஏரியிலேயே படகு ஓட்டியவர் என்று தெரிந்தது. தலைவர் போனார். அவருக்கு இரண்டு கிண்ணம் சூப் கிடைத்ததோடு, அம்மாள் பேரவையின் நலத்தையும் விசாரித்தார். ஆளாளுக்கு அளக்க அளக்க, நிஜமாகவே அங்கே ஓர் அம்மாள் இருக்கிறாரோ, தான்தான் பல்வலியில் கவனிக்கவில்லையோ என்று பல்செட்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேரவை ஓர் உபகுழு அமைத்தது. கதவைத் தட்டுவது விரல் முட்டியாலா உள்ளங்கையாலா என்பதை ஆராய்ந்து முட்டிதான் என்று முடிவு சொன்னது. பிறகு அம்மாளுக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்கள். அப்படி ஒரு முகவரி இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. 'அம்மாள் விளம்பரம் விரும்பாதவர்' என்று குறிப்பெழுதிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு பேர் பார்த்தாயிற்று. பன்னிரண்டாவதாகத் தையலக்கா புறப்பட்டார்.

தையலக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இல்லை. பள்ளிச் சீருடை தைத்தே காலம் தள்ளியவர். ஐரோப்பா போவதென்று முடிவெடுத்துப் பதினோரு வருஷம் பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாக் குறிப்பையும் எழுதிக்கொண்டவர். மூன்று வருஷத்துக்கு முன் பல்செட்காரரிடம் பல் கட்டிக்கொண்டார். "தம்பி, சிரிக்கறதுக்கு எனக்குப் பல்லு வேணாம். நூலு கடிக்கணும். அவ்வளவுதான்," என்று சொல்லியிருந்தார். அதற்காகவே அவர் முன்பற்களின் விளிம்பை மூன்று முறை தேய்த்துப் பொருத்தினார். நூல் கடிக்கிற பல் என்று அவர் கட்டிக் கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் அக்கா கடைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு மேசை விரிப்பை எடுத்துப் பிரித்தார். வெள்ளைத் துணியில் நீல நூலால் ஒரு ஏரி, ஒரு படகு, ஓரத்தில் சின்னதாய் ஒரு சன்னல்.

"அந்தம்மாவுக்கு," என்றார். "நம்மள எதுவும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்கள்ல. அப்படி இருக்கறவங்களுக்குத்தானே கொண்டுபோய்க் குடுக்கணும்."

பல்செட்காரர் விரிப்பை மடித்து அவரிடமே நீட்டினார். "அவ்வளவு தூரம் எதுக்குக்கா? உங்களுக்கு முட்டி வலி வேற."

"டூர்ல ஒரு நாள் சும்மா விடறாங்க. ரெண்டு ரயில் மாறணும். எழுதி வச்சிருக்கேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. போன் எதுவும் அடிக்கவில்லை. தடுத்தது எதுவுமே இல்லை. இருந்தும் அவர் மென்று விழுங்கிவிட்டு, "பத்திரமா போயிட்டு வாங்கக்கா," என்றார். பிறகு எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை நினைத்து நொந்துகொண்டார். ஏழாவது குறிப்பைப் பேரவை மேல் தள்ளிவிடலாம். இதை யார் மேல் தள்ளுவது?

தையலக்கா திரும்பி வந்த மாதக் கூட்டத்தில் தலைவர் முன்னதாகவே கழுத்தில் மாட்டிவிட்ட பெட்டிச் சீட்டோடு எழுந்து நின்றார். ஆறு குறிப்புகளைப் பார்த்துப் படித்தார். பிறகு தாளை மடித்துவிட்டுச் சொன்னார்.

"நானூத்து இருபத்தஞ்சு தப்புங்க. கதவு இருக்கு. பச்சைதான். மூணு தடவ தட்டினேன். அப்புறம் இன்னொரு மூணு தடவ தட்டினேன். மழை வேற. ரயில்வேகாரர் ஒருத்தர் ஓடி வந்து கதவுல இருந்த படத்தைக் காட்டினாரு. மின்னல் படம். கரண்டுப் பெட்டி வச்சிருக்கற ரூமுங்க அது. உள்ள ஆள் உட்காரவே எடம் இல்ல. அந்தம்மாவுக்கு நீலத்துல ஏரியும் படகும் போட்டு ஒரு விரிப்பு தைச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

முன்வரிசையில் பதினோரு முகங்களில் ஈயாடவில்லை. வங்கி மேலாளரின் மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"முட்டியால தட்டினீங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

"முட்டியாலதாங்க."

அக்கா தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கதவு தெரியுது. அம்மா தெரியலையே," என்றார். அக்கா பாஸ்போர்ட்டைக் காட்டினார். "முத்திரை நாட்டுக்குள்ள நுழைஞ்சதுக்குத்தான் சாட்சி. அனுபவத்துக்குச் சாட்சி ஆகாது," என்றார் தலைவர். பிறகு மேடைக்குப் போய் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு எல்லாருக்குமாகப் பேசினார்.

"அந்த வீட்ல பதினோரு பேர் சூப் குடிச்சிருக்கோம். நானே ரெண்டு கிண்ணம் குடிச்சேன். இவங்க சொல்றத இப்ப ஒத்துக்கிட்டா, அப்ப நாங்க எங்க போய்க் குடிச்சோம்னு ஒரு கேள்வி வரும். அந்த மாதிரி கேள்வி வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு விதிமுறை வச்சிருக்கோம். ஒருத்தர் உண்மைய மட்டும் பார்த்துட்டு வந்து நின்னா, மத்தவங்க மனசு என்ன பாடுபடும்னு கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. அம்மாளைப் பார்க்காதவர் அந்த ஊருக்குப் போகாதவர் ஆகிறார். ஓர் ஊருக்குப் போகாமலே போனதாகச் சொல்பவர் மற்ற ஊர்களுக்கும் போயிருக்க வாய்ப்பில்லை. ஆகவே தையலக்காவின் ஐரோப்பியப் பயணம் ரத்துசெய்யப்படுகிறது. பெட்டிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போக வேண்டும்.

"நான் போனேங்க," என்றார் அக்கா. கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றும்போது அது காதுக்கம்மலில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட யாரும் எழுந்திருக்கவில்லை. "நான் போனேங்க," என்று மறுபடியும் சொன்னார், இந்த முறை சத்தம் குறைவாக.

பல்செட்காரர் எழுந்துவிட்டார். "அப்படி ஒரு அம்மா கிடையாது," என்றார். "எனக்கு ஏழாவது குறிப்பு இல்ல. நானா உண்டாக்கினேன். நான் அந்தக் கதவத் தட்டவே இல்ல."

மனைவி திரும்பிப் பார்த்தாள். மச்சான், "மாப்ளே, உட்காருங்க," என்று பல்லைக் கடித்தார். தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டார்.

"நீங்க பார்க்காம சொல்லியிருக்கீங்க. பெரிய தப்பு. ஆனா நீங்க பார்க்கலைங்கறதுக்காக அவங்க இல்லாம போயிடுவாங்களா? நீங்க தெரியாம சொன்னத நாங்க பதினோரு பேர் நேர்ல போய் உறுதிப்படுத்தியிருக்கோம்."

பதினோரு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கை தட்டலில் மாடியே அதிர்ந்தது. பதிவேட்டில் குறிப்பு எண் நானூற்று இருபத்தைந்துக்கு எதிரே பல்செட்காரரின் பெயர் அடிக்கப்பட்டு, 'கண்டறிந்தவர்: தலைவர்' என்று திருத்தப்பட்டது. பல்செட்காரரின் பெட்டிச் சீட்டும் பறிமுதலானது. அவர் பின்வரிசைக்குப் போய்த் தையலக்காவுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். அவருக்கு இறங்கவில்லை. அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் பல் அச்சு எடுக்கச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கடைக்கு வந்தார். காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பிரிக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது அந்தம்மாவுக்குத் தைச்சது," என்றார் அக்கா. "அந்தம்மாவ உண்டாக்கினது நீங்கதானே. உங்ககிட்ட குடுக்கறதுதான் முறை."

"அக்கா, உங்களுக்கு என்மேல கோபம்…"

"கோபமெல்லாம் இல்ல தம்பி. ஒரு தடவ தட்டித் திறக்கலன்னா போயிருக்க வேண்டியதுதானே, எதுக்கு மழைல அவ்வளவு நேரம் நின்னேன்னு யோசிச்சேன். நீங்க கட்டின பல்லு மூணு வருஷத்துல ஒரு நாள் என்ன உறுத்தினதில்ல. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நின்னுட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழைத்த சாந்து கிண்ணத்திலேயே இறுகிக் கல்லானது. அன்றைக்குப் பல்செட்காரர் யாருக்கும் அளவெடுக்கவில்லை. பொட்டலத்தை அலமாரியில் சாந்து டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். வீட்டில் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப அந்த சன்னலே இல்லியா?" அவர் இல்லை என்றார். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். "நான் எத்தன நாள் அத நினைச்சு வருத்தப்பட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்துப் பொருளாளர் ஐரோப்பாவிலிருந்து திரும்பினார். ஏழாவது குறிப்பு சொல்லும்போது குரல் தழுதழுத்தது. "பச்சைக் கதவு அம்மா வீட்ல, சாப்பாட்டு மேசைமேல ஒரு விரிப்பு பார்த்தேன். நீலத்துல ஒரு ஏரி, ஒரு படகு. நம்ம தையலக்கா குடுத்ததாம். சொல்றப்ப அந்தம்மா கண்ணு கலங்கிடுச்சு."

கூடம் உருகிப்போனது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார். "பாருங்க, போயிட்டு வந்திருக்காங்க. குடுத்துட்டும் வந்திருக்காங்க. அடக்கத்துல வெளிய சொல்லல. இந்தப் பேரவை ஒருநாளும் உண்மையக் கைவிடாது." தையலக்காவின் ரத்தான பயணம் மீண்டும் நடந்ததாகத் தீர்மானம் நிறைவேறியது. அக்கா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

பல்செட்காரர் பின்வரிசையில் இருந்தார். அந்த விரிப்பு என் கடை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று எழுந்து சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் பொருளாளர் பொய்யர் ஆகமாட்டார், அந்தப் பதினோரு பேரும் ஆகமாட்டார்கள். தையலக்கா மட்டும் மறுபடியும் போகாதவர் ஆவார். சொல்லாவிட்டால், அக்கா நிஜமாகப் போய்வந்ததற்கு இந்தப் பொய்தான் சாட்சி. சுற்றிலும் கை தட்டினார்கள். அவர் கையும் தட்டியது. அதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மான நகலைத் தையலக்காவிடம் சேர்க்கும் பொறுப்பைச் செயலாளர் அவரிடமே ஒப்படைத்தார். கெட்டியான தாளில், தங்க எழுத்தில் பேரவையின் முழுப்பெயரோடு இருந்தது. மறுநாள் அதையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். "அந்தம்மா மேசைமேல இருந்துச்சாம்," என்றார்.

"ஆமாக்கா."

"துணி எங்க?"

அவர் பொட்டலத்தை நீட்டினார். அக்கா வாங்கிப் பிரித்து, கசங்கியிருக்கிறதா என்று பார்த்து, வெட்டும் மேசைமேல் விரித்தார். தீர்மானத்தை அதன்மேல் கவிழ்த்துப் போட்டார். விரலால் சுண்டிப் பார்த்தார். "நல்ல கெட்டிக் காகிதம். காலர் வெட்ட அளவுத்தாளா ஆகும்," என்றார். சாக்குக்கட்டியால் பின்பக்கம் கோடு போட்டு, காகிதத்தை மட்டும் தூக்கிக் கத்தரியால் நிதானமாக வெட்டினார். தங்க எழுத்துகள் இரண்டு துண்டாகக் கீழே விழுந்தன.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா," என்றார் பல்செட்காரர். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தார். சட்டையைத்தான் பார்த்தார்.

"ரெண்டாவது பட்டன் தொங்குது. அசையாம நில்லுங்க."

ஊசியில் நூல் கோத்து, அவர் நெஞ்சருகே குனிந்து, நாலு தையல் போட்டு முடிச்சிட்டார். பிறகு நூலைப் பல்லில் வைத்துக் கடித்தார். ஒரே கடியில் அறுந்தது. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. பல்செட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அசையாமல் நிற்கச் சொல்லியிருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"ஆச்சு. போங்க தம்பி," என்றார் தையலக்கா.